ஐந்து நிமிட ஒப்பாரி

1

போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், உருத்திரபுரத்தில் என் தங்கச்சி வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் உள்ளே ஓடி வந்திருக்கிறார்கள். ஒருத்தியின் கையில் ரொட்டிக்குக் குழைத்த மா அப்படியே ஒட்டியிருந்ததாம். பக்கத்துக் காணிக்காரர் தோளில் மண்வெட்டியோடு வந்தாராம். "ஐயோ, ஆர் செத்தது? ஆர் செத்தது?" என்று ஒரே சத்தம்.

ஒருவரும் சாகவில்லை. தங்கச்சி செல்வி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு குத்துக்கல்லாட்டம் இருந்தாள். உள்ளே அவளுடைய மகள் துளசி கண்ணாடிக்கு முன்னால் தலையை விரித்துப் போட்டு, மாரில் அடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஆயத்தமாம்! செல்வி ஈரக்கையோடு ஓடிப்போய் மகளின் முதுகில் இரண்டு போட்டிருக்கிறாள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டியதாயிற்று.

துளசி உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவள். நல்ல பெறுபேறு. ஆனால் அரங்கக் கலைப் பட்டத்துக்கு அது மட்டும் போதாது. செயல்முறைத் தேர்வு இருக்கிறது, அதற்குப் பிறகு நேர்முகம் இருக்கிறது. வன்னிப் பிள்ளைகளுக்கு வவுனியாவில் ஒரு மண்டபத்தில் நடக்கும் என்று கடிதம் வந்திருந்தது. சொந்தப் பிரதேசத்துப் பாரம்பரிய ஆற்றுகை ஒன்றை ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல் செய்து காட்ட வேண்டும். அதை எங்கே கற்றாய், யார் பாடியது, எந்தச் சந்தர்ப்பத்தில் என்று குடைந்து குடைந்து கேட்பார்களாம்.

"எல்லாரும் கூத்துத்தான் பெரியம்மா கொண்டு போவினம்" என்றாள் துளசி தொலைபேசியில். "நானும் கூத்தோட போய் நிண்டால் நாப்பதில ஒண்டு. ஒப்பாரியை ஒருத்தரும் கொண்டுவராயினம்."

எப்படிக் கொண்டுவருவார்கள்? சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் சாவைக் கூப்பிட்டு விருந்து வைத்த மாதிரி என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. எந்தத் தாய் பழக விடுவாள்? எங்கள் அப்பா தேயிலை மலையிலிருந்து கலவரத்தில் உடுத்த உடுப்போடு வன்னிக்கு இறங்கி வந்தவர். காடு வெட்டி, வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்தவர். பேச்சில் நாங்கள் எப்போதோ வன்னி ஆட்களாகிவிட்டோம். செத்தவீட்டில் மட்டும் மலை எங்கள் வாய்க்குத் திரும்பி வந்துவிடும். அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. ஒப்பாரியில் ஒருத்தி யாரை வேண்டுமானாலும் என்னவும் சொல்லலாம். மருமகளை ஏசலாம், கடவுளை ஏசலாம். பிணம் எடுத்த பிறகு "நீ ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று கேட்கவே கூடாது. சொன்னவளும் அதை வெளியில் கதைக்க மாட்டாள்.

2

நான் சுவிஸில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். நிலத்துக்குக் கீழே ஓர் அறை, ஆறு இயந்திரங்கள், என்னோடு ரோசா என்ற போர்த்துக்கல்காரி. எங்களுடைய மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உருத்திரபுரத்தில் பின்னேரம் நாலரை மணி.

"பெரியம்மா, ஒரு உதவி வேணும்" என்று துளசி அந்த நேரத்துக்குத்தான் எடுத்தாள். "ஒப்பாரியைச் சுவரைப் பாத்துப் படிக்கேலாது. கேக்க ஒரு ஆள் வேணும். அம்மா காதைப் பொத்துறா. பெட்டையள் சிரிக்குதுகள். நீங்கள் கேப்பீங்களோ?"

"ஏனடி, என்ரை வீட்டில சாவு விழட்டுமெண்டோ?"

"அங்க வராது பெரியம்மா. சாவுக்கும் விசா வேணும் தானே."

சிரித்துவிட்டேன். சிரித்தால் பிறகு மறுக்க முடியாது. அன்றிலிருந்து துளசி சைக்கிளில் வயல் கொட்டிலுக்குப் போய், சுற்றிவர ஆளில்லாத இடத்தில் கைபேசியை நெல்லு மூட்டைமேல் நிறுத்தி வைத்துவிட்டு எனக்கு ஒப்பாரி பாடத் தொடங்கினாள். நான் இங்கே படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டு கேட்டேன்.

முதல் நாள் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டேன். ரோசா கையிலிருந்த துவாய்களைப் போட்டுவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "யார்? யார் இறந்தது? அம்மாவா?" என்னுடைய ஜெர்மன் பதற்றத்தில் எப்போதும் காலை வாரிவிடும். "ஒருவருமில்லை, இது சோதனை" என்றேன். கடவுள் என்னைச் சோதிக்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கால் மணித்தியாலத்தில் மேலாளர் ஒரு வெள்ளைப் பூவோடும் ஒரு படிவத்தோடும் கீழே இறங்கி வந்தார். நெருங்கிய உறவினர் இறந்தால் மூன்று நாள் விடுப்பு. இறந்தவர் என்ன உறவு, இறந்த தேதி என்ன, அவ்வளவும் நிரப்பினால் போதும். இந்த இல்லத்தில் கிழமைக்கு ஒரு சாவு, ஆகவே எல்லாவற்றுக்கும் படிவம் தயார். ஒருவரும் சாகவில்லை என்று அவருக்கு விளங்கவைப்பதற்குள் எனக்குச் சீ என்று போய்விட்டது. பூவை மட்டும் திருப்பி வாங்காமல் போனார்.

3

நாலாம் நாள் துளசி, "இண்டைக்கு முழுசாப் படிக்கிறன், நேரம் பாருங்கோ" என்றாள். நானும் ரோசாவும் ஒரு பெரிய விரிப்பை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். துளசி தொடங்கினாள்.

கொழுந்துமலை விட்டிறங்கி – என்னப் பெத்த அப்பா
கொட்டிலொன்று போட்டீரே
கொட்டிலுக்குள் நெல்லு வந்தும் – என்னப் பெத்த அப்பா
குடியிருக்க மறந்தீரே

இதுவரைக்கும் எனக்குப் பழக்கம். மலையிலிருந்து வந்த எந்த வன்னித் தகப்பனுக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் குரலை இறக்கினாள்.

பெட்டி மூடும் நேரம் மட்டும் – என்னப் பெத்த அப்பா
பெரியவளைப் பார்த்திருந்தீர்
பாஸ்போட்டு இல்லையென்றாள் – என்னப் பெத்த அப்பா
பரீட்சைக்குப் போய்விட்டாளே

நான் விரிப்பை விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் பிடித்திருந்த ரோசா பின்னால் போய் இயந்திரத்தில் இடித்துக்கொண்டாள்.

"நேரம் எவ்வளவு பெரியம்மா? நாலு ஐம்பதோ?"

"இது… இது ஆர் எழுதினது?"

"எழுதினதில்லை. தாத்தாவின்ர செத்தவீட்டில அம்மா படிச்சது. வீடியோவில இருக்கு. உங்களுக்கு அனுப்பினதும் அதுதானே, பாத்திருப்பீங்கள் தானே?"

"ஓம்" என்றேன். பச்சைப் பொய்.

வெளிநாட்டிலிருந்து வரமுடியாத பிள்ளைகளுக்காக எங்கள் பக்கத்தில் செத்தவீட்டையும் கலியாணவீடு மாதிரி வீடியோ எடுப்பார்கள். சீடி இறுவட்டில் பதிந்து அனுப்புவார்கள். எனக்கும் வந்தது. அந்தக் கடித உறையைக்கூடக் கிழிக்காமல் அலுமாரியில் கூறைச் சேலைக்கு அடியில் வைத்தேன். பதினொரு வருடமாக அங்கேதான் கிடக்கிறது. அப்பாவைப் பெட்டிக்குள் பார்க்கத் துணிவில்லை என்று எல்லோருக்கும் சொன்னேன், எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன் துளசியிடம். "ஆனால் அந்தக் கடைசி நாலு அடியை விடு. நேரம் தட்டும்."

"நாலு ஐம்பதுதானே பெரியம்மா?"

"விடெண்டால் விடு!" என்று கத்தினேன். ரோசா முழங்கையைத் தடவியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

ஊரில் இருக்கிற நீங்கள் எல்லோரும் என்னைப்பற்றி அறிந்த கதை ஒன்று உண்டு. தகப்பன் செத்த நேரம் பாவம், அவளின் பாஸ்போட் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததாம், வரமுடியாமல் போய்விட்டதாம். ஆறுதல் சொன்னவர்கள் எத்தனை பேர்! அது பொய். பாஸ்போட் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார். அம்மா அதற்கு முதலே போய்விட்டா. செல்வி அழுதுகொண்டு எடுத்தாள். "அக்கா, வாறியோ? நீ வாறதெண்டால் புதன் மட்டும் வைச்சிருப்பம்." எனக்குச் செவ்வாய்க்கிழமை இந்த ஊர் நகரசபையில் குடியுரிமை நேர்முகம். ஒரு வருடமாகப் படித்திருந்தேன். எந்த மலை எவ்வளவு உயரம், பச்சைப் போத்தலை எந்தத் தொட்டியில் போடுவது, சபையில் எத்தனை பேர், எல்லாம் மனப்பாடம். அதைத் தவறவிட்டால் இன்னும் ஒரு வருடம் என்றார்கள் சிலர், இரண்டு என்றார்கள் சிலர். ஒரு தொலைபேசி எடுத்து, அப்பா செத்துவிட்டார், வேறு நாள் தருவீர்களா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது. கேட்டு அவர்கள் மறுத்திருந்தால்கூட இன்றைக்கு ஒரு சாட்டு இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஐந்து பேருக்கு முன்னால் போய் இருந்தேன். மலை கேட்டார்கள், சொன்னேன். போத்தல் கேட்டார்கள், சொன்னேன். கடைசியில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண், "உங்கள் சொந்த நாட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

"அப்பா இருக்கிறார்" என்றேன்.

என் வாயால்தான் சொன்னேன். உருத்திரபுரத்தில் அவரைக் குளிப்பாட்டி வேட்டி கட்டிப் பெட்டியில் கிடத்தியிருந்த நேரம், நான் இங்கே சிரித்த முகத்தோடு அவரை உயிரோடு வைத்துப் புள்ளி எடுத்தேன்.

எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். சாதாரணதரப் பரீட்சைக்கு அப்பாதான் என்னைச் சைக்கிளில் ஏற்றிப் போவார். ஒருநாள் ரோட்டில் பாடை வருகிறது என்று கேள்விப்பட்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளை அதைப் பார்க்கக்கூடாதென்று சைக்கிளைத் திருப்பி வாய்க்கால் கட்டால் மூன்று மைல் சுற்றி மிதித்தார். வேர்வையில் சேட் ஊறிப்போய்விட்டது. அந்த மனிசன் இருந்திருந்தால் "நீ பரீட்சைக்குப் போ" என்றுதானே சொல்லியிருப்பார்? பதினொரு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லித்தான் நித்திரை கொண்டேன். சுவிஸின் சிவப்புப் பாஸ்போட் கையில் வந்த பிறகும் ஊருக்குப் போகவில்லை. ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு சாட்டு அகப்பட்டது.

சரி, செல்விக்கு எப்படித் தெரிந்தது? ஞாயிறு தவறாமல் அவளோடு கதைக்கிறேன். மழை, நெல்லு, மாடு, துளசியின் படிப்பு எல்லாம் கதைப்போம். ஒரு சொல், ஒரு குத்தல், ஒருநாளும் இல்லை.

5

அதற்கான பதில் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் மகள் நிலாவுக்கும் துளசிக்கும் ஒரே வயதுதான். எங்கள் வீட்டில் தமிழ் இப்போது சோறு, தண்ணி, திறப்பு எங்கே என்கிற அளவில் நிற்கிறது. அன்று பின்னேரம் அவளைக் கதிரையில் இருத்தி, தாத்தா செத்த கிழமை செல்விச் சித்தியோடு யாராவது கதைத்தீர்களா என்று கேட்டேன்.

"ஓம், நான்" என்றாள், கைபேசியிலிருந்து தலை எடுக்காமல். "நீங்கள் வீட்டில இல்லை. சித்தி ஃபோன் பண்ணினது. அம்மா எங்கே எண்டு கேட்டது. அம்மா பரீட்சைக்குப் போட்டா, வரேக்க கேக் வேண்டி வருவா எண்டு சொன்னன்."

"அதுக்கு அவ என்ன சொன்னவா?"

"ஒண்டும் சொல்லேல்லை. அழுதது. கேக் உங்களுக்கும் வேணுமோ எண்டு கேட்டன்."

எட்டு வயதுப் பிள்ளை. தாத்தா செத்ததை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. நேர்முகம் முடிந்து நான் கேக் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். ஸ்ட்ரோபெரி வைத்தது. எல்லோரும் சாப்பிட்டோம்.

இரண்டு நாள் துளசி எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தாள், குரல் கம்மிப் போயிருந்தது.

"பெரியம்மா, நீங்கள் சொன்ன மாதிரி அதை விட்டிட்டு ரீச்சருக்குப் படிச்சுக் காட்டினன். கடைசி அடி இல்லாட்டி இது வெறும் அழுகை பிள்ளை எண்டு சொல்லிப்போட்டா. ஆரோ ஒராளின்ர தகப்பன் செத்தார், அவ்வளவுதானாம். அந்தப் பெரியவள் வந்தால்தான் கேக்கிறவைக்கு நெஞ்சு திடுக்கிடுமாம்."

நெஞ்சு திடுக்கிடுவதைப்பற்றி எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

"உங்களுக்கு விருப்பமில்லாட்டி நான் கும்மி கொண்டு போறன்" என்றாள். "ஆனால் கும்மிக்கு என்னை எடுக்க மாட்டினம், அது எனக்குத் தெரியும். இந்தமுறை கிடைக்காட்டி காமென்ற்ஸில தையல் வேலைக்குப் போகச் சொல்லி அம்மா சொல்லிப்போட்டா. பரந்தன் சந்தியில பஸ் வந்து ஏத்துது, ரெண்டு பெட்டையள் இப்பவே போயினம்."

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு பிள்ளையின் படிப்பு, என் மானத்தை வாங்குகிற அந்த நாலு அடியில் வந்து நிற்கிறது! ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை உறையைக் கிழித்தேன். எங்கள் கணினியில் இறுவட்டுப் போட வாய் இல்லை. நிலா சிநேகிதியிடம் இறுவட்டு ஓட்டுகிற கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்து பொருத்தினாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தோம். அப்பா சின்னதாகிப் போயிருந்தார். குட்டித் துளசி ஒரு செம்போடு நின்றாள். செல்வி பெட்டியின் விளிம்பைப் பிடித்துத் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தாள். பெட்டி மூடுகிற ஆள் மூடியைத் தூக்கியதும் அவள் நிமிர்ந்தாள். நேரே கமெராவைப் பார்த்துத் திரும்பினாள். வீடியோக்காரன் பாவி இன்னும் கிட்டப் போனான். அவள் விரலை நீட்டி, கண்ணாடிக்குள்ளால் என் மூக்கைத் தொடுகிற மாதிரி, அந்த நாலு அடியையும் மூன்று தரம் பாடினாள்.

"அம்மா, சித்தி எங்களைத்தான் பாக்குது" என்றாள் நிலா. கைபேசியைக் கீழே வைத்திருந்தாள்.

துளசிக்கு எடுத்தேன். "அந்த அடியைப் படி. ஒரு சொல்லும் மாத்தாதை. பெரியவள் ஏன் வரேல்லை எண்டு கேட்டால் உள்ளதைச் சொல்லு."

"உள்ளது என்ன பெரியம்மா?"

"பாஸ்போட் என்னட்டைத்தான் இருந்தது. நான் பரீட்சைக்குத்தான் போனனான்."

"நான்… அது சும்மா ஒப்பாரிக்குச் சொன்னதெண்டு நினைச்சன் பெரியம்மா" என்றாள். "தெரிஞ்சிருந்தால் உங்களுக்குப் படிச்சுக் காட்டியிருக்க மாட்டன்."

"அம்மாவுக்கு நீ இதைத்தான் கொண்டு போறாயெண்டு தெரியுமோ?"

"இல்லை. சொன்னால் என்னை அடிச்சே கொண்டுபோடுவா."

6

திங்கட்கிழமை மேலாளரிடம் போய் அதே படிவத்தைக் கேட்டேன். உறவு: தந்தை. இறந்த தேதி எழுதினேன். அவர் வாசித்துவிட்டு மெதுவாக, "ஆண்டைத் தவறாக எழுதிவிட்டீர்கள்" என்றார். இல்லை, சரிதான் என்றேன். அவர் அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டு, வருடாந்த விடுப்பில் பத்து நாள் எழுதித் தந்தார்.

கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸில் பரந்தன் சந்தியில் இறங்கியபோது துளசி ஓட்டோவோடு நின்றாள். செல்வி வரவில்லை. வீட்டுப் படலையில் நின்றவளைப் பார்த்துப் பயந்துபோனேன். தொலைபேசியில் ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிற முகம்தான், ஆனால் ஆள் பாதியாகியிருந்தாள். தூர இடத்திலிருந்து பிந்தி வருகிற பிள்ளையைப் படலையிலேயே கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பது எங்கள் வழக்கம். நான் அதற்குத் தயாராகத்தான் கையை நீட்டினேன்.

"வந்திட்டியோ? முகத்தைக் கழுவு, புட்டு ஆறுது" என்றாள். கடைக்குப் போய்விட்டு வந்தவளைக் கேட்கிற மாதிரி.

குசினியில் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். "செல்வி, அப்பாவின்ர வீடியோவை நான் போன கிழமைதான் பாத்தனான்."

துருவுகிற கை நின்றது. "எந்தப் போன கிழமை?"

"இப்ப. வாறதுக்கு முதல். அதுக்கு முதல் உறையை உடைக்கவேயில்லை."

"அப்ப பதினொரு வருசமா நீ கேக்கவேயில்லையோ?" கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். "அக்கா, நீ கேட்டிட்டுத்தான் ஒண்டும் பேசாமல் இருக்கிறாயெண்டு நான் நினைச்சன். ஒவ்வொரு ஞாயிறும் போன் அடிக்கேக்க எனக்கு நெஞ்சு படபடக்கும். இண்டைக்கு ஏசப்போறா, இண்டைக்கு அழப்போறா எண்டு. நீ மழை பெய்ததோ எண்டு கேப்பாய். என்ன கல்நெஞ்சுக்காரி எண்டு நினைச்சன். நான்தான் கூடச் சொல்லிப்போட்டனோ எண்டும் நினைச்சன்."

"நீ சொன்னது சரிதான்."

"விடு" என்று எழுந்துவிட்டாள். "ஒப்பாரியில சொன்னதை வெளியில கதைக்கக்கூடாது." மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவள் பொழுதுபடும் மட்டும் உள்ளே வரவில்லை. நாங்கள் இருவரும் பதினொரு வருடம், இரண்டு அந்தலையில் இருந்துகொண்டு, ஒருத்தி வாய் திறப்பாளோ என்று மற்றவள் பயந்தபடி இருந்திருக்கிறோம்.

7

வவுனியாவில் அந்த மண்டபத்து வளவில் திருவிழா மாதிரிச் சனம். கூத்துக்கு உடுத்த பிள்ளைகள் சலங்கையோடு தண்ணீர்ப் பைப்படியில் நின்றார்கள். ஒரு தகப்பன் மத்தளத்தை மடியில் வைத்துக் காவல் காத்தார். ஒரு தாய், "நேர்முகத்தில கேள்வி கேட்டால் கண்ணைப் பாத்துச் சொல்லு, பெருவிரலைப் பாக்காதை" என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். துளசி வெள்ளைச் சேலை.

"பெரியம்மா, கட்டாயம் படிக்கட்டோ?" என்று காதுக்குள் கேட்டாள்.

"படி. நேரத்தை நான் பாக்கத் தேவையில்லை."

உள்ளே கூப்பிட்டார்கள். நானும் செல்வியும் யன்னலுக்கு எதிரே வேம்பின் கீழ் ஒரு வாங்கில் இருந்து, கடையில் வாங்கிய ரோல்ஸைக் கையில் வைத்திருந்தோம். என்ன படிக்கப் போகிறாள் என்று செல்வி கேட்கவில்லை. ஏதோ செத்தவீட்டுப் பாட்டு, தரித்திரம் என்று மட்டும் சொன்னாள்.

கொழுந்துமலை விட்டிறங்கி என்று யன்னலுக்குள்ளால் வந்தது.

செல்வியின் வாய் மெல்வதை நிறுத்தியது. "இது என்ரையெல்லே?" என்றாள். பிறகு எழுந்து நின்றாள். "அக்கா, இது என்ரை. இவளுக்கு ஆர் குடுத்தது?" வளவு முழுவதும் அமைதியாகிக்கொண்டு வந்தது. மத்தளக்காரத் தகப்பனும் தலையைத் தூக்கினார். உள்ளே குரல் இறங்கியது. பெட்டி மூடும் நேரம் மட்டும்.

செல்வி என் தோளைப் பிடித்தாள். நகம் இறங்கியது. தள்ளப் போகிறாளோ, அடிக்கப் போகிறாளோ எனக்குத் தெரியாது. பரீட்சைக்குப் போய்விட்டாளே என்று உள்ளே மகள் முடிக்க, வெளியே தாய் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வந்திட்டாளே அப்பா… பெரியவள் வந்திட்டாளே…" என்று தலையில் அடித்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். அத்தனை சனத்துக்கு நடுவில்! நான் அவள் வாயைப் பொத்தப் போனேன், பிள்ளையின் தேர்வு நாசமாகப் போகிறதே என்று. ஆனால் என் வாயிலிருந்து என்னப் பெத்த அப்பா என்று ஒரு சத்தம் வந்தது. அது எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. இருவரும் வேம்பின் கீழ் நிலத்தில் இருந்துவிட்டோம்.

காவலாளி தடியோடு ஓடி வந்தார். "என்னம்மா, என்ன நடந்தது? ஆர் செத்தது?"

"அப்பா" என்றேன்.

அவர் தடியைக் கீழே வைத்தார். "ஐயோ, எப்ப?"

"பதினொரு வருசம்" என்றாள் செல்வி, மூக்கைச் சிந்திக்கொண்டு.

"பதினொரு வருசமோ! அதுக்கு இப்பவோ அழுறியள்?"

"இவ இப்பதானே வந்தவா."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போய் ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். சுற்றி நின்ற பெண்கள் இரண்டு பேர் ஏனென்று தெரியாமலே கண்ணைத் துடைத்தார்கள்.

அரை மணித்தியாலம் கழித்துத் துளசி வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. நான் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தேன்.

"கெடுத்துப்போட்டமோ பிள்ளை? உள்ள கேட்டதோ?"

"எல்லாருக்கும் கேட்டது" என்றாள். தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் முடிச்சாப் பிறகு கேள்வி கேக்கிறவையில நடுவில இருந்தவா, அந்தப் பெரியவள் கடைசியில வந்தவளோ எண்டு கேட்டவா."

"நீ என்ன சொன்னனி?"

"நான் யன்னலைக் காட்டினனான்."